கால்குலேட்டரில் 288, புத்தகத்தில் 292: தொடர் பின்னம் பற்றி ஒரு பதில்

பதில் தடம் மாறிவிடாமல் இருக்க, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். பையின் (π) மதிப்பை 3.14159265 என்று கால்குலேட்டரில் போட்டிருக்கிறீர்கள். முழு எண்ணைக் கழிப்பது, மிச்சத்தைத் தலைகீழாக்குவது, மறுபடி முழு எண்ணைக் கழிப்பது என்று போயிருக்கிறீர்கள். 3, 7, 15, 1 வரை புத்தகத்தோடு ஒத்துப்போனது. அடுத்து புத்தகத்தில் 292, உங்களுக்கு 288. எங்கே தப்பு என்பது முதல் கேள்வி. தசமத்தில் ஒரே வரியில் எழுத முடிகிற எண்ணை இப்படிப் பின்னத்துக்கு அடியில் பின்னம், அதற்கு அடியில் இன்னொரு பின்னம் என்று எழுதுவதால் என்ன லாபம் என்று கொஞ்சம் எரிச்சலோடு கேட்டிருப்பது இரண்டாவது. உங்களை உண்மையில் குடைவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். அது புரிந்தால் முதலாவது தானே அவிழ்ந்துவிடும், அதனால் 288-ஐக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். கல்லூரியில் பல வருடம் எண்ணியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: தொடர் பின்னத்தில் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் அதை எழுதும் முறையைப் பார்த்துத்தான் குழம்புகிறார்கள், விஷயத்தில் அல்ல.

ஒரு ஏ4 தாளை எடுங்கள். நீளம் 297 மி.மீ., அகலம் 210 மி.மீ. அதிலிருந்து முடிந்த அளவு பெரிய சதுரத்தை வெட்டுங்கள். 210-க்கு 210 சதுரம் ஒன்றுதான் வரும்; மிச்சம் 87 மி.மீ. அகலத்தில் ஒரு நீளத் துண்டு. அந்தத் துண்டில் 87-க்கு 87 சதுரம் இரண்டு வெட்டலாம், 36 மிஞ்சும். 87-இல் 36 இரண்டு தடவை, மிச்சம் 15. 36-இல் 15 இரண்டு தடவை, மிச்சம் 6. 15-இல் 6 இரண்டு தடவை, மிச்சம் 3. 6-இல் 3 சரியாக இரண்டு தடவை, மிச்சம் இல்லை. இந்தப் பாடத்தின் முதல் நாள் நான் சாக்பீஸுக்கு முன்னால் கத்தரிக்கோலைத்தான் எடுப்பேன். 15 மி.மீ. வரை ஒழுங்காக வெட்டிவிடலாம்; 6 வந்ததும் கத்தரி கோணிக்கொள்ளும்; கடைசி 3 மி.மீ. சதுரம் நகத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு அளவிலும் எத்தனை சதுரம் வெட்டினோம் என்று மட்டும் எழுதுங்கள்: 1, 2, 2, 2, 2, 2. அவ்வளவுதான். 297/210 என்ற எண்ணின் தொடர் பின்னம் [1, 2, 2, 2, 2, 2].

பத்தாம் வகுப்பில் மீ.பொ.வ. காண யூக்ளிடின் வழிமுறையைப் போட்டிருப்பீர்களே, இது அதே வேலை. அங்கே ஈவுகளைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடைசி மீதியை (இங்கே 3) வைத்துக்கொள்வோம். தொடர் பின்னம் அங்கே எறிந்த ஈவுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்கிறது. அடுக்கடுக்காக எழுதுவது வெட்டிய வரிசையைப் பதிவு செய்யும் ஒரு வழி, வேறொன்றுமில்லை. 297/210 என்பது 1-உம் 87/210-உம். 87/210-ஐத் தலைகீழாக்கினால் 210/87, அதாவது 2-உம் 36/87-உம். நீங்கள் கால்குலேட்டரில் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு அடுத்த சதுரத்துக்குப் போகிறீர்கள் என்று பொருள்.

சரி, ஏன் எல்லாம் 2? ஏ4 தாளைப் பாதியாக மடித்தாலும் அதே வடிவம் வரவேண்டும் என்று வைத்துத்தான் அந்த அளவையே அமைத்திருக்கிறார்கள். அப்படி வர நீளத்துக்கும் அகலத்துக்கும் விகிதம் √2 ஆக இருக்கவேண்டும். √2-இலிருந்து 1-ஐக் கழித்து மிச்சத்தைத் தலைகீழாக்கினால் √2 + 1 வரும். அதன் முழு எண் 2, மிச்சம் பழையபடி √2 − 1. அதாவது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். இனி எத்தனை தடவை செய்தாலும் 2, 2, 2 என்றுதான் போகும், முடிவே கிடையாது. தாள் மட்டும் முடிந்துவிட்டது, ஏனென்றால் தாளை முழு மில்லிமீட்டரில் வெட்டியிருக்கிறார்கள். முடிகிற தொடர் பின்னம் என்றால் விகிதமுறு எண், முடியாதது என்றால் விகிதமுறா எண். √2 விகிதமுறா எண் என்பதற்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற நிரூபணம் எனக்குத் தெரிந்து கிடையாது.

உங்கள் தசமக் கேள்விக்கு இங்கேயே பாதி பதில் இருக்கிறது. 1.41421356… என்று தசமத்தில் எழுதினால் √2-இல் எந்த ஒழுங்கும் தெரியாது. அது எண்ணின் குற்றமல்ல. பத்துப் பத்தாகக் கூறு போடுவது நாம் தேர்ந்தெடுத்த பழக்கம், √2-க்கும் பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சதுரம் வெட்டும்போது பத்து எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தாளை அங்குலத்தில் அளந்திருந்தாலும் அதே 1, 2, 2, 2, 2, 2 தான்.

மீதிப் பாதி, வெட்டி நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்பதில் இருக்கிறது. தொடர் பின்னத்தை ஏதாவது ஒரு இடத்தில் நிறுத்தி மடித்தால் ஒரு சாதாரணப் பின்னம் வரும். இங்கே அதை வெட்டுப் பின்னம் என்று சொல்லிக்கொள்கிறேன். அதைக் கணக்கிட அடியிலிருந்து மேலே ஏறவேண்டியதில்லை. ஒரே ஒரு விதி போதும். அடுத்த ஈவால் இப்போதைய பின்னத்தின் தொகுதியைப் பெருக்கி, முந்தைய பின்னத்தின் தொகுதியைக் கூட்டு; பகுதிக்கும் அதே. பையின் முதல் இரண்டு ஈவுகள் 3, 7; அவை தருவது 3/1, பிறகு 3 + 1/7, அதாவது 22/7. அடுத்த ஈவு 15. 15 × 22 + 3 = 333; 15 × 7 + 1 = 106. ஆக 333/106. அடுத்த ஈவு 1: 333 + 22 = 355; 106 + 7 = 113. ஆக 355/113. இந்தப் பின்னங்கள் உண்மையான எண்ணுக்கு ஒரு தடவை கீழே, ஒரு தடவை மேலே என்று மாறி மாறி விழுந்து நெருங்கும். அடுத்தடுத்த இரண்டைக் குறுக்கே பெருக்கிக் கழித்தால் எப்போதும் 1 தான் வரும். 22 × 106 = 2332, 7 × 333 = 2331. கணக்கில் எங்காவது சறுக்கிவிட்டோமா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை. தேர்விலும் உதவும்.

இப்போது இந்த முறையின் உண்மையான பலத்தைப் பாருங்கள். ஆரியபட்டர் கொடுத்த 62832/20000, அதாவது 3.1416, அற்புதமான மதிப்புதான். சுருக்கினால் 3927/1250. ஆனால் சீனாவில் 5-ஆம் நூற்றாண்டில் சூ சோங்ஷி கொடுத்த 355/113-க்குப் பகுதி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, பிழையோ இருபத்தைந்து மடங்குக்கும் மேல் குறைவு. பகுதி 113-க்குள் அடங்கும் எந்தப் பின்னமும் இதைவிடப் பையை நெருங்காது. அது மட்டுமல்ல, 113-ஐத் தாண்டிப் போனாலும் 16,604 வரை போனால்தான் இதை மிஞ்ச ஒரு பின்னம் கிடைக்கும்: 52163/16604. அதுவும் நூலிழைதான் மேல். காரணம் உங்களைக் குழப்பிய அந்த 292. அடுத்த ஈவு பெரிதாக இருந்தால், அதற்கு முன்னால் விட்டுவைத்த மிச்சம் மிகச் சிறியது என்று அர்த்தம். ஆக, பெரிய ஈவு வருவதற்கு முந்தைய இடத்தில் நிறுத்துவதுதான் சாமர்த்தியம். எல்லா ஈவும் 1 என்றால் எங்கே நிறுத்தினாலும் ஆதாயம் குறைவு. அப்படிப்பட்ட எண் பொன் விகிதம், அதன் வெட்டுப் பின்னங்கள் 1, 1, 2, 3, 5, 8 என்று போகும் ஃபிபனாச்சி எண்களின் விகிதங்கள். (பொன் விகிதத்தைக் கோயில், முகம், சங்கு என்று எல்லாவற்றின் மேலும் வரைந்து காட்டும் படங்களை நம்பவேண்டாம். பின்னங்களால் நெருங்க மிகக் கடினமான எண் அது என்பதை மட்டும் கணிதம் உத்தரவாதமாகச் சொல்கிறது.)

√2-க்கு அதே விதியைப் போட்டால் 1, 3/2, 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408 என்று வரும். 99/70 நம் ஏ4 தாளேதான். 297-ஐயும் 210-ஐயும் 3-ஆல் சுருக்கிப் பாருங்கள். 577/408-க்கு இன்னும் நீண்ட கதை உண்டு. வேள்விக் களம் அமைக்கும் கயிற்றளவு விதிகளான சுல்ப சூத்திரங்களில் சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு ஒரு விதி வருகிறது: பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு, அந்தப் பங்கின் நான்கில் ஒரு பங்கைக் கூட்டு, கடைசியாகக் கூட்டியதன் முப்பத்துநான்கில் ஒரு பங்கைக் கழி. 1 + 1/3 + 1/12 − 1/408. கூட்டிப் பார்த்தால் 577/408. உண்மையான √2-ஐவிட 0.000002 அளவு அதிகம், அவ்வளவுதான். ஆனால் இதை வைத்து அன்றே தொடர் பின்னம் தெரிந்திருந்தது என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. சூத்திரம் விடையைச் சொல்கிறது, வந்த வழியைச் சொல்லவில்லை. 17/12-இலிருந்து ஒரு சிறு திருத்தம் செய்தாலும் இதே விடை வரும். விடை ஒன்றாக இருப்பதால் வழியும் ஒன்று என்று ஆகாது.

இதே 577/408 இன்னொரு இடத்தில் தலைகாட்டுகிறது. 1914-இல் கேம்பிரிட்ஜில் ராமானுஜன் அறையில் சமைத்துக்கொண்டிருந்தபோது, அங்கே படித்துவந்த மகலனோபிஸ் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த ஒரு புதிரை வாசித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று கதவெண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டலும் அந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டலும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அந்த வீட்டின் எண் என்ன? மகலனோபிஸ் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜனோ வாணலியைக் கிளறியபடியே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அது இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இப்படி அமையக்கூடிய எல்லாத் தெருவுக்கும் விடை. எப்படி என்று நாமே பார்க்கலாம். கூட்டல் சூத்திரத்தைப் போட்டால், கதவெண்ணின் வர்க்கத்தை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், வீடுகளின் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று சேர்த்ததன் வர்க்கம் வரும். √2-இன் வெட்டுப் பின்னங்களில் ஒன்று விட்டு ஒன்று இதற்குப் பொருந்தும்: 3/2, 17/12, 99/70, 577/408. தொகுதியில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் வீடுகளின் எண்ணிக்கை, பகுதியைப் பாதியாக்கினால் கதவெண். 17/12 கொடுப்பது எட்டு வீட்டில் 6-ஆம் எண்: 1 முதல் 5 வரை கூட்டினால் 15, 7-உம் 8-உம் 15. ஏ4 தாளின் 99/70 கொடுப்பது 49 வீட்டில் 35-ஆம் எண். புதிரில் ‘ஐம்பதுக்கு மேல்’ என்று சொன்னது இதை ஒதுக்கத்தான். 577/408 கொடுப்பது 288 வீட்டில் 204-ஆம் எண், அதுதான் விடை. ராமானுஜன் எழுதச் சொன்னது √2-இன் பின்னம்தானா, 6, 35, 204 என்று நேராகக் கதவெண்ணையே தருகிற வேறொன்றா என்று அந்தச் சம்பவக் குறிப்பிலிருந்து சொல்ல முடியாது. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகும்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்திலும் ஒரு உதாரணம் இருக்கிறது. சந்திரன் ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்கு மிக அருகில் வரும் இடத்தில் வேகம் அதிகம். அங்கிருந்து புறப்பட்டு மறுபடி அதே நிலைக்கு வர சராசரியாக 27.55455 நாள் ஆகும். இந்த எண்ணைச் சதுரம் வெட்டினால் [27, 1, 1, 4, 12, …]. வெட்டுப் பின்னங்கள் 27, 28, 55/2, 248/9, 3031/110. வாக்கியக் கணிதம் தெரிந்தவர்களுக்கு 248 என்ற எண்ணைப் பார்த்ததுமே முகம் மலரும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரனின் இடத்தை நாளுக்கொரு வாக்கியமாகச் சொல்லும் வாக்கியங்கள் 248. அது ஒன்பது சுற்றுக்குச் சமம். அதில் சேரும் சிறு பிழையைத் திருத்த 3,031 நாள் கொண்ட சுற்று, அதற்கும் மேல் 12,372 நாள் கொண்ட சுற்று. 4 × 3,031 + 248 = 12,372, நாம் மேலே பார்த்த அதே விதி. 1825-இல் சென்னையில் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி வெளியிட்ட காலசங்கலித நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அவர் தொடர் பின்னம் போட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சமன்பாடுகளுக்கு முழு எண் விடை தேட ஆரியபட்டர் 499-இல் சொன்ன குட்டகம் என்ற முறையில், ஈவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, கீழிருந்து மேலே பெருக்கிக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அந்த அடுக்குக்கு வல்லி, அதாவது கொடி என்று பெயர். செய்கை ஒன்றுதான், பெயரும் நோக்கமும் வேறு.

எது உறுதி, எது இன்னும் திறந்த கேள்வி என்பதையும் பிரித்துவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் இரண்டையும் கலந்துதான் எழுதுகிறார்கள். ஈவுகள் ஒரு இடத்துக்குப் பிறகு திரும்பத் திரும்ப அதே வரிசையில் வந்தால் அந்த எண் ஏதோ ஒரு இருபடிச் சமன்பாட்டின் மூலம் என்று ஆய்லர் காட்டினார்; அதன் மறுதலையும் உண்மை என்று லக்ராஞ்சு 1770-இல் நிறுவினார். இயல் மடக்கையின் அடியான 2.71828…-க்கு [2, 1, 2, 1, 1, 4, 1, 1, 6, 1, 1, 8, …] என்று அழகான ஒழுங்கு உண்டு, அதுவும் ஆய்லர் கண்டதே. பை விகிதமுறா எண் என்று லாம்பர்ட் 1760-களில் நிறுவியதும் ஒருவகைத் தொடர் பின்னத்தை வைத்துத்தான். ஆனால் பையின் ஈவுகளான 3, 7, 15, 1, 292, 1, 1, 1, 2 … வரிசையில் யாரும் இதுவரை ஒழுங்கு எதையும் காணவில்லை. 2-இன் கனமூலத்துக்கு வாருங்கள், [1, 3, 1, 5, 1, 1, 4, 1, 1, 8, 1, 14, …]. பார்க்க எவ்வளவு சாதுவான எண்! இதன் ஈவுகள் ஏதாவது ஒரு எல்லைக்குள் அடங்குமா, இல்லை வரம்பின்றிப் பெரிதாகிக்கொண்டே போகுமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கணினியில் கோடிக்கணக்கில் கணக்கிட்டுப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது.

தொடர் பின்னத்தின் பலவீனத்தையும் மறைக்கவேண்டாம். இரண்டு தொடர் பின்னங்களைக் கூட்டச் சொன்னால் தலை சுற்றும். அதற்கும் வழிமுறை இருக்கிறது, ஆனால் மளிகைக் கணக்கு மாதிரி ஓடாது. கூட்டவும் பெருக்கவும் தசமம்தான். எண்ணை எந்தச் சின்னப் பின்னத்தால் நெருங்கலாம் என்றுதான் தொடர் பின்னத்திடம் கேட்கவேண்டும். டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 17-ஆம் நூற்றாண்டில் கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் இயந்திரம் செய்தபோது, சனியின் சுற்றுக்குப் பல இலக்க எண்ணால் ஆன விகிதத்தைப் பற்சக்கரத்தில் வெட்ட முடியாமல் 206/7 என்று பிடித்தது இப்படித்தான். 206 பல் ஒரு சக்கரத்தில், 7 பல் இன்னொன்றில்.

இனி 288. உங்கள் செய்முறையில் தப்பே இல்லை. நீங்கள் பையைப் போடவில்லை, 3.14159265 என்ற வேறொரு எண்ணைப் போட்டீர்கள். அது பையைவிட 0.0000000036 குறைவு. ஒவ்வொரு தலைகீழாக்கலிலும் பிழை, அங்கே வரும் எண்ணின் வர்க்க அளவு பெருகும். முதல் தடவை 7.06 வந்தபோது 50 மடங்கு, அடுத்து 15.997 வந்தபோது 256 மடங்கு, அடுத்து 1.003, அதனால் கிட்டத்தட்ட அப்படியே. கடைசியில் 290-ஐ ஒட்டிய எண் வரும்போது ஒரேயடியாக எண்பதாயிரம் மடங்குக்கு மேல். எல்லாவற்றையும் பெருக்கினால் 0.0000000036 என்ற பிழை ஏறத்தாழ 3.9 ஆகிவிடும். உங்கள் திரையில் 288.74 வந்திருக்கும், உண்மையில் வரவேண்டியது 292.63. வித்தியாசம் அதேதான்.

இனி இப்படிச் செய்யுங்கள். ஒரே எண்ணை இரண்டு தடவை போடுங்கள்: ஒரு தடவை 3.14159265, இன்னொரு தடவை கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டி 3.14159266. முதலாவதில் 3, 7, 15, 1, 288 வரும். இரண்டாவதில் 3, 7, 15, 1, 299 வரும். பை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, எனவே 3, 7, 15, 1 உறுதி. ஐந்தாவது ஈவு 288-க்கும் 299-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பது வரைக்கும்தான் எட்டு இலக்கத்தால் சொல்ல முடியும். 292 வேண்டுமென்றால் இன்னும் நாலைந்து இலக்கம் சேர்த்துப் போடுங்கள்.